முள்ளம்பன்றி வாங்கிய பரிசல்

ஆற்றை ஒட்டிய ஒரு காட்டில் வீரணன் என்ற முள்ளம்பன்றி இருந்தான். எதை வாங்கப் போனாலும் கேள்வி கேட்டே கடைக்காரரைக் களைக்க வைத்துவிடுவான்.

ஒருநாள் அவனுடைய குட்டிகள் இரண்டும், "ஆற்றில் படகில் போக வேண்டும்" என்று அடம்பிடித்தன. அன்று தொடங்கியது அவன் மனைவி ஒச்சம்மாவின் தலைவலி.

படகு விற்பவர் நீர்நாயார். அவரிடம் மரத்தைக் குடைந்து செய்த தோணியும் இருந்தது. மூங்கில் கூடைமேல் தோல் போர்த்திய பரிசலும் இருந்தது.

வீரணன் பரிசலையே சுற்றிச் சுற்றி வந்தான்.

"பாறையில் மோதினால் கிழியுமா?"

"கிழியாது."

"முதலை வாலால் அடித்தால்?"

"தாங்கும். ஆனால் ஐயா, உங்களுக்கு..."

"கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்! வெயிலில் தோல் சுருங்குமா?"

இப்படியே ஒன்பது நாள். கூடவே அலைந்த ஒச்சம்மாவுக்குக் கால் கடுத்தது, பொறுமையும் போய்விட்டது.

"அவர் ஏதோ சொல்ல வருகிறார். கொஞ்சம் காது கொடுத்துத்தான் கேளுங்களேன்!"

"உனக்கு வியாபாரம் தெரியாது. விற்காத தோணியை நம் தலையில் கட்டப் பார்க்கிறார்" என்றான் வீரணன்.

பத்தாம் நாள் பரிசலை வாங்கியே விட்டான். நால்வரும் ஏறிக்கொண்டார்கள். நடு ஆற்றில் பரிசல் தட்டாமாலை சுற்றியது. குட்டிகள் கைகொட்டிச் சிரித்தன. ஒச்சம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்போது ஒரு கெண்டை மீன் துள்ளி வந்து வீரணன் மூக்கில் மோதியது. அவன் திடுக்கிட்டான். உடம்பிலிருந்த முள்ளெல்லாம் விறைத்து நின்றன.

சரக்! சரக்! சரக்!

தோலெங்கும் ஓட்டை. தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே ஏறியது. குட்டிகளுக்கோ நீந்தத் தெரியாது.

"விளிம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள்! விடாதீர்கள்!" என்று குட்டிகளிடம் கத்தினாள் ஒச்சம்மா. துடுப்பைப் பிடுங்கித் தானே வலித்தாள். அவள் குரல் கேட்டு நீர்நாயார் பாய்ந்து நீந்தி வந்தார். மூழ்கத் தொடங்கிய பரிசலை முட்டித் தள்ளி, எல்லாரையும் கரை சேர்த்தார்.

மூச்சு சீரானதும் வீரணன் சண்டைக்கு நின்றான். "கிழியாது என்றீரே!"

"பாறைக்குக் கிழியாது என்றேன். முதலைக்குத் தாங்கும் என்றேன். உம்முடைய முள்ளைப் பற்றி நீர் கேட்கவே இல்லை. நான் சொல்ல வந்தபோதும் விடவில்லை" என்றார் நீர்நாயார்.

வீரணன் மறுபடியும் வாயைத் திறந்தான்.

"போதும், நீங்கள் பேசியது!" என்றாள் ஒச்சம்மா. நனைந்த குட்டிகளை அணைத்துக்கொண்டு நீர்நாயாரிடம் திரும்பினாள். "ஐயா, நாங்கள் நான்கு முள்ளம்பன்றிகள். எங்களுக்கு எந்தப் படகு சரிவரும்?"

நீர்நாயார் தோணியைக் காட்டினார். நிழல் நகர்வதற்குள் பேரம் முடிந்தது.

நீதி: வாங்கும் பொருளை மட்டும் ஆராய்ந்தால் போதாது, அது தனக்கு ஏற்றதா என்றும் பார்க்க வேண்டும்.