பொறியாளருக்குத் தாம்பாளத்தில் வைத்தது

நீரில் குளிர்ச்சியாகவும் நெருப்பில் வெம்மையாகவும் நின்று, இரண்டும் கூடுமிடத்தில் அன்னமாகி உயிர்களை ஊட்டும் அம்மையப்பன் திருவடியை முதலில் வணங்குகிறேன். அத்திருவடி நினைவோடு இதைச் சொல்கிறேன்.

காவிரியின் தென்கரையில் ஒரு சிறு மடம். நாள்தோறும் அங்கே முந்நூறு பேர் உண்பார்கள். விறகடுப்புகளை நீக்கி, ஒரு கொதிகலன் வைத்து, நீராவியில் சோறு வேகும்படி அமைத்துக் கொடுத்தவர் குழந்தைவேலு என்னும் எந்திரப் பொறியாளர். இருபத்திரண்டு ஆண்டுகளாக மாதத்தின் முதல் திங்களன்று வந்து கொதிகலனைச் சோதிப்பார். அதற்காக எதுவும் பெற்றதில்லை.

குருபூசை நாளில் அவருக்குப் பொன்னாடை போர்த்துவது மடத்தின் வழக்கம். இவ்வாண்டு குருபூசைக்கு நான்கு நாள் இருக்கையில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. விழாவுக்கு வர இயலாது என்றும், இனிக் கொதிகலனுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. காரணம் எழுதப்படவில்லை.

கடிதத்தைப் படித்த மடத்துத் துறவி சொக்கலிங்கத் தம்பிரான் கலங்கினார். பண்டங்கள் வைக்கும் உக்கிராணமும் மடைப்பள்ளியும் மாலை வழிபாடும் அவர் பொறுப்பில் இருந்தன. அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. மடத்தின் தலைவராகிய சந்நிதானம் அவரைவிட எட்டு வயது இளையவர். ஆயினும் குரு குருவே.

ஆண்டுதோறும் ஒரே மாதிரிப் பொன்னாடையைப் போர்த்தியதால் பொறியாளருக்கு மனக்குறை வந்துவிட்டது என்று தம்பிரான் எண்ணினார். நகரத்துக் கடைவீதிக்குச் சென்று, மறுநாள் பிற்பகல் மூன்று பொட்டலங்களோடு திரும்பினார். அவற்றைச் சந்நிதானத்தின் முன் வைத்தார்.

"எந்திரப் பொறியாளர் ஒருவருக்கு எதைக் கொடுத்தால் மனம் நிறையும், சந்நிதானம்?"

"என்ன வாங்கி வந்தீர்?"

முதல் பொட்டலத்தில் பல்சக்கரங்கள் வெளியே தெரியும் சுவர்க் கடிகாரம் இருந்தது. இரண்டாவதில் திருகாணிகளை ஒட்டிச் செய்த பேனாத் தாங்கி. மூன்றாவதில் ஒரு சாண் நீளமுள்ள வெள்ளி ஸ்பேனர்.

சந்நிதானம் ஸ்பேனரைக் கையில் எடுத்தார்.

"இதால் எதையாவது திருக முடியுமா?"

"வளைந்துவிடும், சந்நிதானம். அழகுக்கு வைப்பது."

"அந்தக் கடிகாரம்?"

"எந்திரப் பொறியாளருக்கு என்று சொன்னேன். கடைக்காரர் இதைத்தான் காட்டினார்."

"துறவிக்கு என்று சொல்லியிருந்தால், கமண்டலத்துக்குள் கடிகாரம் வைத்துக் காட்டியிருப்பார்."

தம்பிரானுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அவர் வராவிட்டால் கொதிகலனைப் பார்க்க ஆளில்லை. முந்நூறு பேர் சோறு. திருவுள்ளம் இரங்கி ஒன்றைத் தேர்ந்து தர வேண்டும்."

"இருபத்திரண்டு ஆண்டில் அவர் உம்மிடம் எதையேனும் கேட்டதுண்டா?"

"கேட்டதில்லை. மோர் கொடுத்தால்கூட நின்றபடியே குடித்துவிட்டுப் போவார்."

"நன்றாக நினைத்துப் பாரும்."

தம்பிரான் நினைத்தார். பொட்டலங்களை மறுபடி சுற்றத் தொடங்கினார்.

சந்நிதானம் எழுந்தார். "இன்று எனக்கு மடைப்பள்ளியில் இலை போடச் சொல்லும். கொதிகலனுக்குப் பக்கத்தில்."

மாலை உணவுக்காகக் கொதிகலனை மூட்டியிருந்தார்கள். சமையல் பார்க்கும் அருணகிரி பதறிப்போய் மணைப்பலகையைத் துடைத்தார்.

"சாமி, இங்க புழுக்கம் தாங்காதுங்களே."

"நீ தாங்குகிறாயே, அப்பா."

"எங்களுக்குப் பழகிப்போச்சுங்க. சாமிக்கு வேர்த்து விபூதியெல்லாம் கரைஞ்சிடும்."

"கரையட்டும்."

சந்நிதானம் கொதிகலனின் காலடியில் அமர்ந்தார். அதன் உச்சியில் ஒரு வால்வு உண்டு. உள்ளே அழுத்தம் அளவு மீறினால், அதன் இரும்புக் கை தானே உயர்ந்து நீராவியை வெளியே விடும். அந்தக் கையில், அதற்குரிய எடையோடு கூட, உக்கிராணத்து இரண்டு கிலோ எடைக்கல் ஒன்று சணல் கயிற்றில் தொங்கியது.

தம்பிரான் வாசலிலேயே நின்றார். அழுத்தம் காட்டும் முள் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அவர் பார்வை முள்ளுக்கும் குருவுக்கும் இடையே அலைந்தது.

"சந்நிதானம், இலையை உள்கூடத்தில் போடச் சொல்கிறேன்."

"இங்கே நன்றாயிருக்கிறது."

"வேண்டாம். இங்கே ஆகாது."

"ஏன் ஆகாது?"

"ஆபத்து."

"யாருக்கு?"

"சந்நிதானத்துக்கு."

சந்நிதானம் சமையற்காரர் பக்கம் திரும்பினார். "அருணகிரி, நீ இந்த இடத்தில் எத்தனை ஆண்டாய் நிற்கிறாய்?"

"வர்ற தையோட பத்தொம்போதுங்க."

சந்நிதானம் மறுபடி தம்பிரானைப் பார்த்தார்.

"ஆபத்து என்று உமக்கு யார் சொன்னார்?"

"பொறியாளர்."

"எத்தனை முறை?"

"மூன்று முறை. இந்த மூன்று மாதமும் வந்தபோதெல்லாம் அந்தக் கல்லை அவிழ்த்து வைத்தார். கட்டாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அவர் போனபின் நான் மறுபடி கட்டினேன்."

"எதற்காக?"

"மாலையில் பதிகம் ஓதும் நேரம் பார்த்து வால்வு திறந்துகொண்டு அலறுகிறது. பண் சிதைகிறது. சந்நிதானத்தின் செவிக்கு இடையூறு என்று..."

சந்நிதானம் இலையில் நீர் தெளித்தார்.

"மூன்று மாதமாய்ப் பதிகம் தடையின்றிக் கேட்டது. எப்படி என்று நான் கேட்கவில்லை. அதனால்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்."

தம்பிரான் ஓடிச்சென்று முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். முடிச்சு இறுகியிருந்தது. விரல் சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அவிழ்த்தார். கல் கைக்கு வந்ததும் இரும்புக் கை உயர்ந்தது. நீராவி பெரும் அலறலோடு கூரையை நோக்கிப் பாய்ந்தது. முள் இறங்கி, தன் இடத்தில் நின்றது.

தம்பிரான் எடைக்கல்லை ஏந்தியபடி நின்றார்.

"தாம்பாளத்தில் வையும்," என்றார் சந்நிதானம். "நீரே கொண்டுபோம்."

பொறியாளர் தம் வீட்டு வாசலில் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு, மேலிருந்த பட்டுத் துணியை விலக்கினார். நெடுநேரம் பார்த்தார்.

"இதை யார் அவுத்தது, சாமி?"

"நான்."

"கட்டுனது?"

"அதுவும் நான்."

"மடத்துப் பொன்னாடை இருபத்திரண்டும் பீரோவுல மடிச்சு வெச்சிருக்கேன் சாமி. நீங்க கடைவீதியெல்லாம் அலைஞ்சீங்களாமே? வாயத் தொறந்து நான் கேட்டது ஒண்ணுதான். அடுப்புக்கிட்ட நிக்கிறவங்க அத்தனை பேரு பேரும் எனக்குத் தெரியும். வீட்டுல உக்காந்து சோறு இறங்கலை."

தம்பிரான்கள் இல்லறத்தாரைக் கும்பிடுவதில்லை. அன்று சொக்கலிங்கத் தம்பிரானின் கைகள் குவிந்தன.

பொறியாளர் பதறி அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, என்ன சாமி இது! குருபூசைக்கு வர்றேன்னு சந்நிதானத்துகிட்ட சொல்லுங்க."

குருபூசையன்று குழந்தைவேலு வந்தார். முதலில் மடைப்பள்ளிக்குள் போனார். கரி படிந்த கைகளைத் துடைத்துக்கொண்டு திரும்பி, சபையின் கடைசி வரிசையில் அமர்ந்தார். சந்நிதானம் அவருக்கு ஆடை எதுவும் போர்த்தவில்லை. அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

சொக்கலிங்கத் தம்பிரான் பதிகம் எடுத்தார். மூன்றாம் பாட்டில் குரல் உச்சிக்கு ஏறும் நேரம், மடைப்பள்ளியில் வால்வு திறந்தது. அலறல் கூடம் முழுதும் நிறைந்தது. வெளியூரிலிருந்து வந்த பெரியோர் முகம் சுளித்துத் திரும்பிப் பார்த்தார்கள். தம்பிரானின் குரல் அறுந்தது. சபை நடுவே தலை கவிழ்ந்து நின்றார்.

"சந்நிதானம், பெருமான் திருமுன்னில், குருபூசை நாளில், பாட்டு நடுவே நின்றுவிட்டதே."

சந்நிதானம் சொன்னார்: "அது அடங்கட்டும். ஈசன் காத்திருப்பான். நீராவி காத்திருக்காது."

இதைச் செவிமடுத்தோர் இல்லங்களில் உலை ஓயாது பொங்குக. அவ்வுலையின் முன் நிற்போர் உடலில் ஊறின்றி வீடு திரும்புக. அம்மையப்பன் துணை நிற்க.