ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி

கொள்ளிடக் கரையில் இருந்தது தவமணி அம்மாவின் மடம். அம்மாவுக்கு வயது நாற்பத்திரண்டு. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த ஐயாறப்பனுக்கு அறுபது. ஞானத்துக்கு ஏது சீனியாரிட்டி? இருவருமே அதைப் பொருட்படுத்தவில்லை. அம்மா அவரை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார்.

ஐயாறப்பன் கல்யாணச் சமையல்காரர். அந்த வட்டாரத்தில் ‘சாம்பார் ஐயாறப்பன்’ என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர் எந்தத் தேதியில் கிடைப்பார் என்று கேட்டுக்கொண்டு முகூர்த்தம் குறித்தவர்கள் உண்டு. வாயில் வைத்து உப்புப் பார்க்க மாட்டார். கொதிக்கிற அண்டாவின் ஆவியை ஒரு தடவை மோந்தால் அவருக்குப் போதும்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் காலையில் அம்மா முன்னால் வந்து உட்கார்ந்தார்.

“தீட்சை கொடுங்கம்மா. கரண்டியைக் கீழ வெச்சிடறேன்.”

“என்னாச்சு அண்ணே?”

“நாப்பது வருஷம் ஆச்சு. பேரு வாங்கியாச்சு, பொன்னாடை வாங்கியாச்சு. ஆனா பந்தி முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் தனியா உக்காந்தா உள்ள ஒண்ணுமே இல்லம்மா. நான்னு ஒருத்தன் இருக்கேனான்னே தெரியல.”

“இப்ப ஏதாவது கல்யாணம் ஒத்துக்கிட்டிருக்கீங்களா?”

“கும்பகோணத்துல ஒண்ணு. எண்ணூறு இலை. நீங்கதான் வரணும்னு பொண்ணோட அப்பா போன் மேல போன் போடறாரு. மூணு நாள்ல பதில் சொல்லணும். முடியாதுன்னு சொல்லிடலாம்னு இருக்கேன்.”

“மூணு நாள் இருக்குல்ல. அந்த மூணு நாளும் மதியத்துக்கு ஒரு ஆளுக்கு மட்டும் சமைங்க. தீட்சையைப் பத்தி அப்புறம் பேசுவோம்.”

“யாருக்கும்மா? காரம் தாங்குவாரா? சர்க்கரை கிர்க்கரை இருக்கா?”

“உங்களுக்குத்தான். உங்களுக்குப் பிடிச்சதாச் சமைங்க.”

ஐயாறப்பன் சிரித்துவிட்டார். “சுண்டைக்காய் வேலைம்மா இது.”

நூறு பேருக்கு எத்தனை படி, ஆயிரம் பேருக்கு எத்தனை மூட்டை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று அவருக்குத் தெரியவில்லை. கை அரிசிக்குள்ளேயே நின்றுவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு படி போட்டார். அதற்கேற்ற பருப்பு, அதற்கேற்ற கறி. மடத்தில் இருந்த ஒன்பது பேரும் அன்றைக்கு வயிறு முட்டச் சாப்பிட்டார்கள். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் அவர் நின்றபடியே ஒரு டம்ளர் மோர் குடித்தார்.

“சாப்பிட்டீங்களா அண்ணே?”

“சமைச்சவனுக்கு ஏதும்மா பசி? ஆவியே வயித்தை அடைச்சிடும்.”

“சரி. நாளைக்கும் சமைங்க.”

மறுநாள் கஷ்டப்பட்டு அளவைக் குறைத்தார். தமக்குப் பேர் வாங்கிக் கொடுத்த சாம்பாரையே வைத்தார். ஒரு இலை போட்டு உட்கார்ந்து, இரண்டு வாய் சாப்பிட்டதும் எழுந்துவிட்டார். யாருக்காவது இலையில் ஏதாவது குறைகிறதா என்று பார்க்கிற பழக்கம். அங்கே வேறு இலையே இல்லை. மறுபடி உட்கார்ந்தார்.

அம்மா வந்து எதிரில் நின்றார். “ருசி எப்படி?”

“இதைச் சாப்பிட்டவங்க கையை மோந்துக்கிட்டேதான் வீட்டுக்குப் போவாங்க.”

“தாயும் பிள்ளையுமா இருந்தாலும் வாயும் வயிறும் வேறதானே? உங்க வாய் என்ன சொல்லுது?”

ஐயாறப்பன் இன்னொரு கவளம் எடுத்து மெதுவாக மென்றார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

“அம்மா.” குரல் இறங்கிவிட்டது. “எனக்குச் சாம்பாரே பிடிக்கலம்மா.”

அம்மா சிரிக்கவில்லை. அடக்கிக்கொண்டார் என்பதுதான் உண்மை.

“வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க,” என்றார் ஐயாறப்பன்.

எந்தச் சம்பந்திக்குப் புளிப்பு ஆகாது, எந்த மாமாவுக்குப் பாயசத்தில் முந்திரி நிறைய விழவேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஊரார் நாக்கை எல்லாம் விசாரித்தவர், தம் நாக்கை ஒரு நாளும் விசாரித்ததில்லை.

மூன்றாம் நாள் அடுப்பைப் பற்ற வைக்காமல் வெகுநேரம் நின்றார். பிறகு புளியைக் கொஞ்சம், மிளகைக் கொஞ்சம், இஞ்சியைக் கொஞ்சம் என்று ஒவ்வொன்றாக வாயில் போட்டுப் பார்த்தார். கடைசியில் சுடுசோறு, இஞ்சித் துவையல், நல்லெண்ணெய், சுட்ட அப்பளம். உட்கார்ந்து, அவசரமில்லாமல் சாப்பிட்டார். இன்னொரு தரம் சோறு போட்டுக்கொண்டார்.

“எப்படி அண்ணே?”

“உப்பு கம்மிம்மா. ஆனா எனக்குக் கம்மியாத்தான் பிடிக்குது. அறுபது வயசுல தெரியுது பாருங்க.” கண் கலங்கியிருந்தாலும் குரலில் தெம்பு வந்திருந்தது. “இப்பப் புரிஞ்சுபோச்சு. அந்த அண்டாதான் இத்தனை நாளா என்னை மறைச்சுக்கிட்டு நின்னிருக்கு. கும்பகோணத்துக்காரருக்கு முடியாதுன்னு சொல்லிடறேன். கரண்டியை விட்டாத்தான் நான் எனக்குக் கிடைப்பேன்.”

“கரண்டி என்ன பாவம் பண்ணுச்சு? சமைக்கிறப்ப உங்களுக்கு எப்படி இருக்கும்?”

ஐயாறப்பன் யோசித்தார். “நல்லா இருக்கும்மா. கை தானா ஓடும். அதுல பொய் இல்ல.”

“சாப்பிடறவங்களுக்கு?”

“அதுலயும் பொய் இல்ல.”

“அப்புறம் எதுக்கு விடணும்?”

“பின்ன நான் என்னதாம்மா பண்ணணும்?”

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. கும்பகோணத்துக்காரர்தான். அம்மா அதை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“வரேன்னு சொல்லுங்க அண்ணே. எண்ணூறு இல்ல, எண்ணூத்தியொரு இலைன்னு சொல்லுங்க. அதுல ஒரு இலைக்கு மட்டும் சாம்பார் வேண்டாம்.”