ஒற்றை மூக்குச் சளி

கோவில்பட்டியில் டாக்டர் பரமகுரு சொன்னதுதான் நோய். யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. நான்கு வயது கயலின் மூக்குச் சளிக்கு அவர் மூன்று வாரமாக மருந்தை மாற்றி மாற்றி எழுதியும் நாற்றம்தான் கூடிக்கொண்டே போனது.

"உள்ளே எலும்பு அழுகிப்போச்சு. மதுரைக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் பண்ணணும்" என்றார். தாய் இசக்கியம்மாள் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

அங்கே புண்ணுக்குக் கட்டுப் போடும் வேலை பார்த்த சௌந்தரம், கயலின் முகத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்: "ஐயா, சளிக்கு வலது மூக்கு மட்டும்தான் பிடிக்குமா?"

டாக்டரின் முகம் சிவந்தது. "உள்ளே ஏதோ மாட்டியிருக்குன்னு சொல்றியா? கருவி எதையும் தொடாம எடுத்துக் காட்டு. முடியலைன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

சௌந்தரம் கயலின் இடது மூக்கை விரலால் அடைத்துக்கொண்டு, "அக்கா, பிள்ளை வாயோடு வாய் வச்சு ஒரே மூச்சா ஊதுங்க" என்றாள்.

இசக்கியம்மாள் ஊதினாள். வலது மூக்கிலிருந்து கறுத்துப்போன பாசிமணி ஒன்று தெறித்து, டாக்டரின் மேஜையில் உருண்டது. தாய் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

எல்லோரும் தன்னையே பார்ப்பதில் கயலுக்குக் குஷி வந்துவிட்டது. "காதுல இன்னொண்ணு இருக்கு" என்றாள்.

டாக்டர் டார்ச்சை எடுத்தார். கொஞ்சம் தயங்கிவிட்டு, அதைச் சௌந்தரத்திடம் நீட்டினார்.

"நீங்களே பாருங்கம்மா."