பொற்பீடமும் இளவரசர் வயிறும்

சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: இளவரசர் செண்பகவழுதியார் ஐந்து நாட்களாக வெளிக்குப் போகவில்லை. இதைக் கேட்டு யாரும் சிரிக்கக் கூடாது.

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில் இப்படித்தான் முரசறைந்தார்கள். இளவரசருக்கு வயது நான்கு.

அதற்கு முந்தைய மாதம் அரசருக்கு ஓர் ஆசை பிறந்தது. தன் மகன் எதைச் செய்தாலும் அது அரச காரியமாக இருக்க வேண்டும். உடனே ஆளுயரப் பொற்பீடம் ஒன்று செய்து, நடுவில் துளை போட்டு, சபையில் வைத்தார்கள். காலையில் சங்கு முழங்கும். நாற்பது பிரபுக்கள் கைகட்டி நிற்பார்கள். பிள்ளை மேலே ஏறி, கால் தொங்க, அத்தனை மீசைகளையும் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். ராஜவைத்தியர் சர்வரோக சிகாமணி ஒரு நாளைக்கு ஆறு வேளை பாலும் பால்கோவாவும் கொடுக்கச் சொல்லியிருந்தார். தண்ணீர் குடித்தால் சளி பிடிக்கும் என்று தடுத்துவிட்டார்.

பீடத்தில் ஒன்றும் வரவில்லை; ஒருநாள் இரவு படுக்கையிலேயே கல்லாகப் போயிற்று, வலித்தது. அன்றிலிருந்து, வயிறு முடுக்கினால் பிள்ளை தூணுக்குப் பின்னால் ஓடிக் காலைப் பின்னிக்கொண்டு முகம் சிவக்க நிற்பான். அதை வீரக்கோலம் என்று புலவர் பாடினார்.

“வீரமாவது கீரமாவது! வலிக்குமென்று பயந்து அடக்குகிறான், மன்னா,” என்றான் வம்பளந்தான் என்ற பெயர்கொண்ட அரண்மனை விகடகவி.

வைத்தியருக்கு மூக்கு விடைத்தது. “அரசே, திடகாத்திரமான எவரும் அந்தப் பீடத்தில் அமர்ந்தால் மூன்றாம் முரசுக்குள் போய்விடுவார். அப்படிக் கணித்துச் செய்த பீடம். நாளை இளவரசர் போகாவிட்டால் நேர்வாள மாத்திரைதான். இவ்வளவு பேசுகிற விகடகவியே நாளை முன்நின்று நடத்தட்டுமே! தவறினால் அந்த நாக்கு நமக்கெதற்கு?”

“அப்படியே ஆகட்டும்,” என்றார் அரசர். ராணி பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். நேர்வாளக் கொட்டை தின்றால் யானைக்கே பேதி எடுக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

விடிந்தது. சங்கு ஊதியது. “வேணாம்மா, வலிக்கும்மா!” என்று பிள்ளை அலறினான். மாத்திரை வெள்ளித்தட்டில் காத்திருந்தது. அதன் பக்கத்தில் ஒரு கத்தி.

“மன்னா,” என்றான் வம்பளந்தான், “பீடம் பழுதாகியிருந்தால் என் நாக்கு வீணாகப் போகும். முதலில் சோதித்துவிடலாம். சபையில் திடகாத்திரமானவர் யார்?”

எல்லாரும் வைத்தியரின் தொந்தியைப் பார்த்தார்கள்.

“நானா? சபையிலா?”

“எவரும் போய்விடுவார் என்றீர்களே, ஐயா. ஏறுங்கள்.”

அரசர் கையசைத்தார். வைத்தியர் ஏறினார். அவருக்கும் கால் எட்டவில்லை. முதல் முரசு. நாற்பது பேர் கண்கொட்டாமல் பார்த்தார்கள். இரண்டாம் முரசு. வைத்தியருக்கு வேர்த்தது. மூன்றாம் முரசும் அடங்கியது. பீடத்தின் அடியில் ஒன்றும் விழவில்லை.

“ஐயோ பாவம், உங்களுக்கும் அடைத்துக்கொண்டதா?” என்று வம்பளந்தான் தட்டை நீட்டினான். “இந்தாருங்கள், நீங்கள் செய்த மருந்துதானே.”

“எடு அதை! குடலை அறுத்துவிடும்!” என்று கத்தினார் வைத்தியர்.

அரசர் மெல்ல எழுந்தார். “என் பிள்ளையின் குடல் மட்டும் இரும்பால் செய்ததா, வைத்தியரே?”

வைத்தியருக்கு இறங்கவும் தெரியவில்லை.

“அரசே, இத்தனை பேர் பார்த்தால் கிழவருக்கே வரவில்லை, குழந்தைக்கு எப்படி வரும்?” என்றான் வம்பளந்தான். “பாலைக் குறையுங்கள். தண்ணீர் கொடுங்கள். கீரையும் பழமும் ஊறவைத்த திராட்சையும் கொடுங்கள். சாப்பிட்டு முடித்ததும் கால் தரையில் படும்படி சற்றுநேரம் உட்கார வையுங்கள். கூட அம்மா இருந்தால் போதும். வந்தாலும் வராவிட்டாலும் திட்டாதீர்கள்.”

கொல்லையில் இரண்டு செங்கல் போட்டார்கள். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் இல்லை. அரசர் கத்தியைப் பார்த்தார். வம்பளந்தான் கீரையைப் பார்த்தான். மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பின் கொல்லையிலிருந்து ஒரு குரல் கேட்டது: “அம்மா, வலிக்கவே இல்லை!”

அரசர் சிரித்தார். மீசை நனையும்வரை சிரித்தார். மகிழ்ச்சி தாங்காமல் அந்தப் பொற்பீடத்தையே வம்பளந்தானுக்குப் பரிசாகக் கொடுத்தார்.

கழுவ வேண்டியிருக்கவில்லை. அதில் யாரும் ஒருநாளும் போனதில்லை.