மஞ்சள் கொடி

கார் பந்தயம் ஓட்டினவளிடம் போய் ஒருத்தர் ஒழுங்காக ஆஸ்பத்திரிக்கு ஓட்டக் கற்றுக்கொண்டார் என்றால் சிரிப்பீர்கள். சிரிக்கிற கதை இல்லை இது.

பிருந்தா பதினோரு வருஷம் ரேஸ் ஓட்டியவள். அதை விட்ட பிறகு, கோயம்புத்தூருக்கு வெளியே ஒரு ரேஸ் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சாதாரண ஜனங்களுக்கு வகுப்பு எடுத்தாள். பறக்கச் சொல்லித்தருவாள் என்று வந்தவர்களுக்கு முதல் நாளே சப்பென்று போய்விடும். சீட்டை முன்னால் இழுங்கள், ஸ்டியரிங்கை இறுக்காதீர்கள், தூரமாகப் பாருங்கள். சாயங்காலம் வரை இதே பாட்டுத்தான்.

வந்தவர்களில் சற்குணத்துக்கு ஐம்பத்திரண்டு வயது, சொல்லித்தருகிறவளுக்கு முப்பத்தாறு. அவர் தன் காரிலேயே வந்திருந்தார். அவருக்குப் பக்கத்து சீட்டில் பைபிள் வைத்த துணிப்பை ஒன்று இருந்தது.

"மேடம், நீங்க பின்னாடி உட்காந்துக்கறீங்களா?"

ஏன் என்று அவள் கேட்கவில்லை. பின் சீட்டிலிருந்தே சொல்லித்தந்தாள்.

மைதானத்து வளைவில் ஒரு பிளாஸ்டிக் கூம்பை வைத்து, இடிக்காமல் தாண்டச் சொன்னாள். முப்பது வருஷம் கார் ஓட்டின மனுஷன் நாலு தடவையும் அதையே போய் இடித்தார்.

"எதைப் பாக்கறீங்க?"

"அதைத்தாங்க. இடிச்சிடக் கூடாதே."

"அதைப் பாக்காதீங்க. போக வேண்டிய இடத்தைப் பாருங்க. கண்ணு போற பக்கம்தான் கையும் போகும்."

ஐந்தாவது தடவை கூம்பு நின்றது. மற்றவர்கள் கை தட்டினார்கள். சற்குணம் இன்ஜினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பாவம், முகம் வெளுத்துப் போயிருந்தது.

"மேடம், போன வருஷம் எங்க ஊர் ரோட்டுல நாய் ஒண்ணு குறுக்க வந்துச்சு. திருப்பினேன். முன்னாடி புளியமரம். மரத்தையேதான் பாத்தேன். என் சம்சாரம் பியூலா பக்கத்து சீட்ல இருந்தா." திரும்பி அவளைக் கேட்டார். "ரோட்டைப் பாத்திருந்தா அவ பொழச்சிருப்பாளா?"

பிருந்தா பின் சீட்டிலிருந்து இறங்கி அவர் ஜன்னல் பக்கம் வந்தாள்.

"ரேஸுக்கு முந்தின நாள் நாங்க மைதானம் பூரா நடந்து பாப்போம். நாளைக்குக் காலைல அந்த ரோட்டுல நடக்கலாம்."

"நான் அந்தப் பக்கம் போறதே இல்லீங்க. பதினாலு மாசமா சுத்தித்தான் போறேன்."

"சுத்தினா எவ்வளவு நேரம் கூட ஆகும்?"

"முக்கால் மணி நேரம்." அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "மகளுக்கு இது ஒம்பதாம் மாசம். மாப்பிள்ளை மஸ்கட்ல இருக்காரு. வலி வந்தா நீங்கதாம்ப்பா கூட்டிட்டுப் போகணும்னு சொல்லியிருக்கா. ஆஸ்பத்திரி அந்த ரோட்டுலதான் இருக்கு. அதுக்காகத்தாங்க இங்க வந்தேன்."

மறுநாள் அவர் தன் ஊரிலிருந்து வழக்கம்போலச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கமாக வந்து, மரத்துக்கு அரை மைல் முன்னால் காரை நிறுத்தினார். பிருந்தா அங்கே காத்திருந்தாள். இருவரும் நடந்தார்கள். நாய் வந்த இடத்தை அவர் காட்டினார். அவள் அங்கிருந்து மரம் வரை அடி அளந்து நடந்தாள். பட்டை உரிந்த இடத்தில் புதுப்பட்டை ஓரமாக மூடிக்கொண்டு வந்திருந்தது. மரத்துக்கும் ரோட்டின் அந்த ஓரத்துக்கும் நடுவில் ஒரு லாரியே போகலாம். அதை இருவருமே பார்த்தார்கள்.

"பொழச்சிருப்பாங்க," என்றாள் பிருந்தா.

சற்குணம் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"இல்லைன்னு சொல்லியிருக்கலாமே மேடம்."

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு வாய்விட்டு அழுதார். போகிற பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப்பார்த்தார்கள். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

"அப்புறம் நான் எப்படிங்க மகளை வச்சு ஓட்டறது?"

பிருந்தாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என் தம்பியும் ரேஸ் ஓட்டினவன்தாங்க. அவனோட கடைசி ரேஸ்ல ரெண்டு பேரும் இருந்தோம். அவன் வண்டி சுவத்துல மோதிடுச்சு. மஞ்சள் கொடி காட்டினாங்க. அதைக் காட்டினா யாரையும் முந்தக் கூடாது. நடுவுல நிறுத்தவும் கூடாது. வேகத்தைக் குறைச்சு, அந்த இடத்தைத் தாண்டிப் போயிட்டே இருக்கணும். நாலு சுத்து போனேன். நாலு தடவையும் அவனைத் தாண்டித்தான் போனேன்."

"பாத்தீங்களா?"

"முதல் சுத்துல பாத்தேன். அவனைத் தூக்க வந்த ஆளுங்க மேலேயே என் வண்டி போகப் பாத்துச்சு. ஒரு முழத்துல தப்பிச்சாங்க."

"அடுத்த மூணு சுத்து?"

"பாக்கலை."

"கூடப் பொறந்தவன் அங்க கெடக்கறான். பாக்காமப் போக எப்படிங்க மனசு வந்துச்சு?"

"மனசு எங்கீங்க வந்துச்சு. அழுதுட்டேதான் ரோட்டைப் பாத்தேன்."

சற்குணம் எழுந்து காருக்கு நடந்தார். முன் சீட்டிலிருந்த பியூலாவின் பைபிள் பையை எடுத்துப் பின் சீட்டில் வைத்தார். முன் சீட்டுக் கதவைத் திறந்துவிட்டு, பிருந்தா உட்கார்ந்து பெல்ட்டை மாட்டும் வரை நின்றார்.