வடிவு முடி வெட்டிக்கொண்ட கதை

மலையடிவாரத்தில் ஒரு குடியிருப்பு. யாருக்கும் அடங்கி வாழ்ந்தது போதும் என்று வந்த பெண்கள் தாங்களே நிலம் வாங்கி, வீடு கட்டி, உழுது சமைத்துச் சேர்ந்து வாழும் இடம். அங்கே குரு என்று யாரும் இல்லை. ஆனால் சந்தேகம் வந்தால் எல்லோரும் ரெஜினாவிடம்தான் போய் நிற்பார்கள். அவளுக்கு அது அறவே பிடிக்காது. நிற்பவர்களும் விடுவதாயில்லை.

புதிதாக வந்த வடிவு அவளைவிட வயதில் மூத்தவள். புருஷன் வீட்டுக்கு இனித் திரும்புவதில்லை என்று கிளம்பி வந்தவள். வேறு போக்கிடம் கிடையாது.

புதியவர்களைச் சேர்த்துக்கொள்ளும் முன் பௌர்ணமிக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள்.

"எங்ககிட்ட உங்களுக்குப் பிடிக்காதது என்ன?"

வடிவு ஒவ்வொரு முறையும், "எல்லாமே பிடிக்குது" என்பாள். அவர்களும் முடிவை அடுத்த பௌர்ணமிக்குத் தள்ளிவிடுவார்கள். பாவம், அவளுக்குத் தூக்கமே போய்விட்டது. தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்தாள். சுற்றிலும் பார்த்தாள். அத்தனை பேருக்கும் கிராப்புத் தலை.

அடுத்த பௌர்ணமியன்று காலையில், இடுப்புவரை இருந்த கூந்தலைத் தானே கத்தரித்துக்கொண்டு ரெஜினாவின் முன் போய் நின்றாள். எலி கடித்த மாதிரி இருந்தது தலை.

"இப்ப நானும் உங்கள்ல ஒருத்திதானே?"

ரெஜினா சிரிக்கவில்லை. "யாரு வெட்டச் சொன்னாங்க அக்கா?"

"யாரும் சொல்லலை. இங்க எல்லாரும் இப்படித்தானே இருக்கீங்க."

"புருஷன் வீட்டுல வாயே திறக்காம இருந்தீங்களே, அது யாரு சொல்லி?"

"யாரும் சொல்லலை. அங்க எல்லாரும் அப்படித்தான் இருந்தாங்க."

ரெஜினா முக்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தாள். கழுத்தில் துண்டைச் சுற்றி, கோணல்மாணலாகக் கிடந்த முடியைச் சீராக வெட்ட ஆரம்பித்தாள். கொஞ்சம் வெட்டியதும் கையில் கண்ணாடியைக் கொடுத்தாள்.

"நல்லாருக்கா?"

"நல்லாருக்கு."

"நெசமா?"

வடிவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "இல்லை. எனக்குப் பிடிக்கவே இல்லை."

"வேற என்ன பிடிக்கலை?"

"நீங்க போடுற சுக்குக் காப்பி. வாயில வைக்க முடியலை."

"வேற?"

வடிவு தயங்கினாள். பிறகு, அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது.

"நான் வந்த அன்னைக்கு என் தலையில பூவைப் பார்த்துட்டு, 'இதெல்லாம் யாருக்காக அக்கா'ன்னு சிரிச்சியே. எனக்காகத்தான் வச்சேன். இத்தனை வருஷத்துல எனக்குன்னு நான் செஞ்சது அது ஒண்ணுதான். அதைப் பார்த்தா சிரிக்கிற?"

கத்தரிக்கோல் நின்றுவிட்டது.

வடிவுக்கு அப்போதுதான் உறைத்தது. ரெஜினாவையே இப்படிப் பேசியாயிற்று, இனி இங்கே யார் சேர்த்துக்கொள்வார்கள்? துண்டை எடுத்துவிட்டு எழுந்தாள்.

"நான் கிளம்பட்டுமா?"

ரெஜினா அவள் தோளை அழுத்தி மறுபடியும் உட்காரவைத்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

"சிரிச்சது என் தப்பு அக்கா. இப்ப சொன்னதை அப்படியே இன்னைக்குக் கூட்டத்துல எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. நேத்து வரைக்கும் உங்களைப் போகச் சொல்ல எங்களால முடிஞ்சிருக்கும். இனிமே முடியாது. அசையாம இருங்க, காது பத்திரம்."