சருகுமான் மண்ணை உதைப்பது ஏன்?

அந்தக் காலத்தில், மிருகங்கள் மண்ணோடும் காற்றோடும் பேசிக்கொண்டிருந்தபோது, கீழே விழுவது ஒன்றும் பெரிய விஷயமில்லை. மண் எதையும் ஒரேயொரு முறைதான் மெல்ல இழுக்கும், பிறகு அதன்போக்கில் விட்டுவிடும். கிளையிலிருந்து கழன்ற பழம் சாமி ஊர்வலம்போல ஒரே வேகத்தில் ஆடி அசைந்து இறங்கும். குட்டி பிடி தவறினால் தாய்க்குரங்கு தலையைச் சொறிந்துவிட்டு, சாவகாசமாக இறங்கி வந்து ஏந்திக்கொள்ளும்.

இதில் வயிறு காய்ந்தது கூரி என்ற சருகுமானுக்குத்தான். முயல் அளவே இருக்கும் அவளுக்கு மரமேறத் தெரியாது. அத்திப்பழம் தரைக்கு வந்து சேர்வதற்குள் இருவாச்சிப் பறவையும் வௌவாலும் பாதி வழியிலேயே கவ்விக்கொண்டு போய்விடும். அந்தக் கோடையில் கூரிக்கு மடி வற்றிவிட்டது. அவளுடைய ஒரே குட்டி வெறுங்காம்பைச் சப்பிச் சப்பி, கத்தக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது.

கூரி மண்ணில் முகத்தைப் புதைத்துக் கெஞ்சினாள். இழுப்பதை நடுவில் நிறுத்தாமல், பழம் தரையைத் தொடும்வரை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றாள்.

மண் உடனே சம்மதிக்கவில்லை. "எனக்குப் பழம் எது, பிள்ளை எதுன்னு பார்க்கத் தெரியாதும்மா. ஒண்ணுக்குச் செஞ்சா எல்லாத்துக்கும் அப்படித்தான். அப்புறம் மாத்திக்க முடியாது."

"என் பிள்ளை தரையிலதானே நடக்குது, ஆத்தா. அது எங்க விழப் போகுது?" என்றாள் கூரி. பசித்தவளுக்கு அதற்கு மேல் யோசிக்க ஏது நேரம்?

மறுநாள் அத்திப்பழங்கள் சொத்து சொத்தென்று விழுந்தன. நொடிக்கு நொடி வேகம் கூடி வந்தவற்றை எந்த அலகாலும் பிடிக்க முடியவில்லை. கூரி வயிறாரத் தின்றாள். மடி சுரந்தது. குட்டி தேறித் துள்ளியது. அப்படித் துள்ளும்போதுதான் ஒரு நாள் பாறை விளிம்பில் அதற்குக் கால் வழுக்கியது.

கூரிக்குப் பழைய நினைப்பு. ஏந்திக்கொள்ள நேரமிருக்கிறது என்று சரிவில் ஓடினாள். குட்டி முதலில் மெதுவாகத்தான் இறங்கியது. மண் விடாமல் இழுக்க இழுக்க வேகம் கூடிக்கொண்டே போனது. காற்று பதறிப்போய் அடியில் கைகொடுத்துப் பார்த்தது. கூடவே உதிர்ந்த இலைகள் விரிந்து வந்ததால் அவற்றைத் தாங்க முடிந்தது. குட்டியோ பயத்தில் காலை மடக்கி உருண்டையாகியிருந்தது. காற்றால் அதைத் தாங்க முடியவில்லை.

"விட்டுடு ஆத்தா, ஒரு நொடி விட்டுடு" என்று கூரி கதறினாள்.

"இனிமே எனக்கு விடத் தெரியாது, மகளே" என்றது மண்.

அவள் அடிவாரம் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. குட்டியின் மேல் இலைகள் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் வந்து படிந்தன. மடியில் பால் கட்டி வலித்தது. குடிக்க யாருமில்லை.

அன்று முதல்தான் விழுகிற பொருள் விழ விழ வேகம் பிடிக்கிறது. காட்டில் எது விழுந்த சத்தம் கேட்டாலும் சருகுமான் பின்னங்காலால் மண்ணை உதைத்து, விடு, விடு என்று கேட்பதும் அன்று முதல்தான். மண் இன்னும் விடவில்லை.